வாடகை வீட்டுச் சாவி யார் கையில்?



சென்ற மாதம் என் அக்காள் மகள் ஒரு கேள்வியோடு வந்தாள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது பட்டணத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். கணவன், இரண்டு பிள்ளைகள், மாமியார் ஆகியோருடன் அடுக்குமாடி வீடொன்றில் வாடகைக்குக் குடியிருக்கிறாள். "மாமா, வீட்டுக்காரர் கதவுப் பூட்டை மாத்தப் போறாராம். இனிமே சாவியே கிடையாதாம். நம்பரை அழுத்தினா திறக்குமாம், கைப்பேசியிலயும் திறக்குமாம். நாங்க சரின்னு சொல்லலாமா, வேணாமா?" என்று கேட்டாள்.

ஆங்கிலத்தில் 'ஸ்மார்ட் லாக்' என்று வழங்கும் பூட்டைத்தான் அவள் சொன்னாள். இந்தப் பேச்சில் அதை மின்பூட்டு என்றே குறிப்பிடுகிறேன். கேள்வி என்னவோ சிறியதுதான். ஆனால் உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. குடியிருப்பவனுக்கும் வீட்டுக்கு உடையவனுக்கும் நடுவே நிற்கும் கதவுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் நம் தோட்டப் பாட்டாளிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்லுவது சரியாகாது என்று எனக்குப் பட்டது.

முதலில் பூட்டைப் பற்றிச் சில சொற்கள். பூட்டு இன்று நேற்றுத் தோன்றியதன்று. பழைய எகிப்திலும் அசிரியாவிலும் மரத்தாலான பூட்டுகள் இருந்தன. கதவின் தாழ்ப்பாளில் துளைகள் இருக்கும். மேலிருந்து சிறு மரமுளைகள் அத்துளைகளில் விழுந்து தாழ்ப்பாளை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பல் துலக்கும் தூரிகையைப் போன்ற பெரிய மரச்சாவியை உள்ளே விட்டு உயர்த்தினால் முளைகள் மேலே எழும்பி வழிவிடும். இன்று நம் முன்கதவில் இருக்கிறதே, ரம்பப் பல் போன்ற விளிம்புடைய சிறு சாவி, அதற்குரிய பூட்டும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. அமெரிக்காவில் லைனஸ் யேல் என்ற தந்தையும் அதே பெயர் கொண்ட மகனும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த முளைகளைச் சிறிய உலோகக் குச்சிகளாக்கி, அவற்றின் மேல் சுருள்வில் வைத்து, சட்டைப்பையில் அடங்கும் சாவியால் திறக்கும்படி செய்தார்கள்.

இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்ற பூட்டுக் கைவினைஞர் ஒருவர் இருந்தார். 1784-ஆம் ஆண்டில் தம் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1790-இல் தம் கடைக் கண்ணாடிச் சன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, இதைச் சாவியில்லாமல் திறப்பவருக்கு இருநூறு கினி பரிசு என்று அறிவித்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் எவராலும் திறக்க முடியவில்லை. 1851-இல் லண்டன் மாநகரில் பெரிய பொருட்காட்சி நடந்தபோது அமெரிக்காவிலிருந்து வந்த ஹாப்ஸ் என்பவர், பதினாறு நாட்களில் ஏறத்தாழ 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்துவிட்டார். "இந்தப் பூட்டை யாராலும் உடைக்க முடியாது" என்று விற்பனையாளர் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஹாப்ஸின் நினைவு வருகிறது.

நம்மவர்களும் பூட்டுத் தொழிலில் பின்தங்கியவர்கள் அல்லர். தமிழ்நாட்டில் திண்டுக்கல் என்றாலே பூட்டுத்தான். அங்கே கையாலேயே செய்யப்படும் பூட்டுகளுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவத்தில் செய்யப்படும் மாங்காய்ப் பூட்டை முதியவர்கள் பலர் பார்த்திருப்பார்கள்.

இனி நம் வீட்டுக் கதவுக்கு வருவோம்.

தோட்டத்து லயங்களை உங்களுக்கு நான் வருணிக்கத் தேவையில்லை. நீண்ட கூரையின் கீழ் வரிசையாக அறைகள், இடையில் பலகைத் தடுப்பு, ஒரு வீட்டில் இருமினால் மறு வீட்டில் கேட்கும். அந்த வீடுகளுக்குப் பெரும்பாலும் வாடகை கிடையாது. வாடகைக்குப் பதிலாக உழைப்பு இருந்தது. வேலைக்காரன் என்ற பெயர் இருக்கும்வரை வீடு. பெயர் வெட்டப்பட்டால் வீடும் போயிற்று. முதலாளியே வீட்டுக்காரன், வீட்டுக்காரனே முதலாளி. இரண்டு சாவியும் ஒரே கையில் இருந்தன என்று சொல்லலாம்.

என் பாட்டியார் கடல் கடந்து வந்தபோது ஒரு தகரப் பெட்டி கொண்டு வந்தார். அதற்கு ஒரு பூட்டு உண்டு. சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். வீட்டுக் கதவுக்கு வெறும் கொண்டிதான். அதைப் பூட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. காலையில் பெரட்டுக்குப் போகும்போது கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போவார். இதை நம்மில் பலர் "அந்தக் காலத்தில் திருட்டு இல்லை" என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அது ஓரளவு உண்மைதான். ஆனால் இன்னொன்றும் உண்மை. வீடு தன்னுடையது என்ற எண்ணம் இல்லாத இடத்தில் கதவைப் பூட்ட வேண்டும் என்ற எண்ணமும் எழாது. பெட்டி அவருடையது. ஆகவே பெட்டிக்குப் பூட்டு இருந்தது.

வீட்டுக் கதவுக்கு வெளியே இன்னொரு கதவும் இருந்தது. அது தோட்டத்தின் வாசல். தோட்டம் முழுவதும் கம்பெனியின் தனிச்சொத்து. உள்ளே வருபவர் யார், எதற்காக வருகிறார் என்று கேட்கும் அதிகாரம் நிர்வாகத்திடம் இருந்தது. உறவுக்காரர் ஒருவர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பார்க்க வந்தாலும் அது துரைக்கோ கிராணிக்கோ தெரிந்தாக வேண்டும்.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் முன்னணியில் நின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் பாட்டாளிகளின் கோரிக்கைகளைத் தொகுத்து வைத்தது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குச் சரியான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரையின் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை என்று அந்தக் கோரிக்கைகள் நீண்டன. சைக்கிள் கோரிக்கையை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதே பட்டியலில் இருந்த இன்னொன்றை நாம் மறந்துவிட்டோம். உறவினரும் நண்பர்களும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து போக வேண்டும் என்பது அது. கூலியோடும் கல்வியோடும் சமமாக வைத்து அதையும் கேட்டார்கள். நாதன் அவர்கள் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். வேலை நிறுத்தம் பரவியது. இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின.

தன் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்பதை இன்னொருவர் கணக்குப் பார்க்கக் கூடாது. இதுதான் அந்தக் கோரிக்கையின் பொருள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மின்பூட்டைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் வரும்.

1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தில் பல தோட்டங்களில் சிதறியிருந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலி போடப்பட்டது. ஊரடங்கு, வாசலில் சோதனை. அதற்குரிய காரணத்தை இங்கே ஆராயப் புகவில்லை. கதவு வெளியிலிருந்து மூடப்படுவது எப்படி இருக்கும் என்பதை நம் மக்கள் அந்த ஆண்டுகளிலும் அறிந்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டு விற்றார்கள். தலைமுறையாக இருந்த குடும்பங்கள் ஒரு சில நாட்களில் வேலையும் வீடும் இழந்தன. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க வைத்த கதையை நீங்கள் அறிவீர்கள். அது நிலத்தின் கதை என்று சொல்வார்கள். வீட்டின் கதையும் அதிலே கலந்திருக்கிறது. அதன் பின்னரும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. நம் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய், முதல் முறையாகக் காசு கொடுத்து வாடகைக்கு வீடு எடுத்தார்கள்.

இங்கே ஒரு பெரிய வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த வீட்டில் குடியிருப்பவர் லயத்தில் இருந்தவரைப் போன்றவர் அல்லர். வாடகை கொடுக்கும் காலம்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமை அவருடையது. மலேசியாவில் 1950-ஆம் ஆண்டின் 'ஸ்பெசிபிக் ரிலீஃப்' சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் ஏழாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கூறுவதைச் சுருக்கிச் சொல்கிறேன். வாடகைக் காலம் முடிந்துபோன பிறகும் ஒருவர் வீட்டைவிட்டுப் போகாமல் இருந்தால்கூட, வீட்டுக்காரர் நீதிமன்றத்தின் வழியாகத்தான் வீட்டைத் திரும்பப் பெறலாம். தாமாகவே பூட்டை மாற்றி அவரை வெளியே நிறுத்தக் கூடாது. காலம் முடிந்தவருக்கே இந்தப் பாதுகாப்பு என்றால், முடியாதவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்காரருக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. வாடகை பாக்கி நின்றால் 1951-ஆம் ஆண்டின் 'டிஸ்ட்ரஸ்' சட்டத்தின்படி நீதிமன்ற ஆணை பெற்று, பன்னிரண்டு மாதம் வரையிலான பாக்கிக்காக வீட்டிலுள்ள பொருள்களை நீதிமன்ற அலுவலர் மூலம் கைப்பற்றச் செய்யலாம். காலம் முடிந்தும் போகாதவரிடம் இரட்டை வாடகை கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. இவற்றுக்கு நாளாகும், செலவாகும் என்று வீட்டுக்காரர்கள் குறைப்படுகிறார்கள். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. இப்போது நம்மிலும் பலர் வீட்டுக்காரர்களாகிவிட்டோம். தாமானில் ஒரு வீடு வாங்கி, இன்னொன்றையும் வாங்கி வாடகைக்கு விட்டவர்கள் நம்மிடையே உண்டு. ஆறு மாத வாடகையும் கொடுக்காமல், தண்ணீர்க் கட்டணத்தையும் கட்டாமல், சாவியையும் கொடுக்காமல் ஓர் இரவில் மறைந்துபோன குடியிருப்பாளரைப் பற்றி என் நண்பர் ஒருவர் சொல்லும்போது அவர் கண் கலங்கும். அவருக்கு அந்த வீட்டின் வங்கித் தவணை மாதாமாதம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே மின்பூட்டு வீட்டுக்காரருக்கு ஏன் பிடிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. பித்தளைச் சாவியைக் கடையில் சில வெள்ளிக்குப் படியெடுத்துவிடலாம். பழைய குடியிருப்பாளர் எத்தனை படி எடுத்தார் என்பது யாருக்கும் தெரியாது. மின்பூட்டில் ஆள் மாறினால் எண்ணை மாற்றினால் போதும். குழாய் பழுதுபார்க்க வருபவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மட்டும் செல்லும் எண் கொடுக்கலாம். குடியிருப்பவருக்கும் நன்மை உண்டு. இரவு வேலை முடிந்து வரும் பெண் பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டு இருட்டு நடைவழியில் நிற்க வேண்டாம். பள்ளி விட்டு வரும் பிள்ளை சாவியைத் தொலைத்துவிட்டு அழ வேண்டாம்.

தங்கும் விடுதிகளில் சாவிக்குப் பதில் அட்டை வந்தது 1970-களில். நார்வே நாட்டைச் சேர்ந்த டோர் சோர்னெஸ் என்பவர் துளையிட்ட பிளாஸ்டிக் அட்டையால் திறக்கும் பூட்டை அமைத்தார். விருந்தினர் மாறும்போதெல்லாம் பூட்டின் குறியையும் மாற்றிவிடலாம் என்பதுதான் அதன் சிறப்பு. விடுதிக்கு அது மிகப் பொருத்தமானது. ஏனெனில் விடுதியில் யாரும் குடியிருப்பதில்லை. இரண்டு நாள் தங்கிப் போகிறார்கள். விடுதிக்காகப் பிறந்த யோசனை இப்போது வீட்டுக்கு வந்திருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மின்பூட்டுக்குள் ஒரு மின்கலமும், சிறிய மோட்டாரும், நினைவகமும் இருக்கின்றன. சிலவகைப் பூட்டுகள் இணையத்தோடும் இணைக்கப்படுகின்றன. யாரை முதன்மையானவராகப் பதிவு செய்கிறார்களோ அவர் மற்றவர்களின் எண்களைச் சேர்க்கலாம், நீக்கலாம். எந்த நேரத்தில் எந்த எண்ணால் கதவு திறக்கப்பட்டது என்பது ஒரு குறிப்பேட்டைப்போல உள்ளே எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும்.

பழைய பூட்டாக இருந்தால் குடியிருப்பவரை வெளியே நிறுத்த விரும்பும் வீட்டுக்காரர் தாமே நடந்து வரவேண்டும். பூட்டுக்காரனை அழைத்து வரவேண்டும். சுத்தியல் சத்தம் கேட்கும். அண்டை வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று ஒருவராவது கேட்பார். அந்த நடையும், சத்தமும், கேள்வியும் பல வீட்டுக்காரர்களின் கோபத்தைத் தணித்திருக்கின்றன. மின்பூட்டில் இவை எதுவும் இல்லை. கோலாலம்பூரில் தேநீர் குடித்துக்கொண்டே ஈப்போவில் இருக்கும் கதவுக்குரிய எண்ணை நீக்கிவிடலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய் எண்ணை அழுத்துவாள். கதவு திறக்காது. பழுதா, வாடகை பாக்கியா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. சட்டம் எதைச் செய்யக் கூடாது என்கிறதோ, அதைச் செய்வது இவ்வளவு சுலபமாகிவிட்டது. இதுதான் என் முதல் கவலை.

கெட்ட எண்ணம் இல்லாமலும் கதவு மூடிக்கொள்ளலாம். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தன் பூட்டுகளுக்கு இணையம் வழியாக ஒரு திருத்தத்தை அனுப்பியது. தவறான திருத்தம் போய்ச் சேர்ந்ததால் ஏறக்குறைய ஐந்நூறு பூட்டுகள் எண்ணை ஏற்க மறுத்துவிட்டன. அவற்றில் பல, பயணிகளுக்கு வாடகைக்கு விடப்பட்ட வீடுகளில் இருந்தவை. பூட்டைக் கழற்றி அனுப்பிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. இதில் யாருக்கும் யார்மீதும் பகை இல்லை.

நியூயார்க் மாநகரின் மேற்கு 45-ஆவது தெருவில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். நெடுங்காலமாகக் குடியிருப்பவர்கள் பலர். 2018-இல் வீட்டுக்காரர்கள் பொது வாசலில் கைப்பேசியால் இயங்கும் பூட்டைப் பொருத்தினார்கள். 93 வயதான ஒருவருக்கு அதைப் பயன்படுத்தத் தெரியவில்லை. வெளியே போனால் திரும்ப வர முடியுமோ என்று அவர் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்டார். மற்றவர்களுக்கு வேறு அச்சம். நான் எப்போது வருகிறேன், எப்போது போகிறேன், என்னைப் பார்க்க யார் வருகிறார்கள் என்பதெல்லாம் வீட்டுக்காரரின் கையில் சேருகிறதே என்று வழக்குத் தொடுத்தார்கள். 2019 மே மாதம் சமரசம் ஏற்பட்டது. குடியிருப்பவர்களுக்குச் சாதாரண உலோகச் சாவியைக் கொடுக்க வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

அதே ஆண்டில் அந்நகரின் புரூக்ளின் பகுதியிலும் ஒரு போராட்டம் நடந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட இரட்டைக் கட்டடத்தில் முகத்தைப் பார்த்துத் திறக்கும் கதவு வைக்க உரிமையாளர் எண்ணினார். நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்கள் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பெரும்பாலும் கறுப்பின மக்கள், அவர்களிலும் பெண்கள் அதிகம். நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

நேயர்களே, 1941-இல் கிள்ளானில் கேட்டதும் 2019-இல் நியூயார்க்கில் கேட்டதும் ஒன்றுதானே? என்னைப் பார்க்க வரும் என் தம்பியை, என் மாமியாரை, என் தோழியை நீ கணக்கெடுக்காதே என்பதுதான். அங்கே கிராணியின் கண். இங்கே பூட்டின் நினைவகம்.

அந்தப் போராட்டங்களுக்குப் பிறகு 2021-இல் நியூயார்க் நகராட்சி ஒரு சட்டம் இயற்றியது. குடியிருப்பவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் மின்வாசலில் அவரைப் பற்றிய விவரம் சேர்க்கக் கூடாது. சேர்த்த வருகைக் குறிப்பைத் தொண்ணூறு நாட்களுக்குள் அழித்துவிட வேண்டும். அந்தக் குறிப்பை வைத்து அவரைத் தொல்லைப்படுத்தவோ வெளியேற்றவோ கூடாது. பல குடும்பங்கள் இருக்கும் கட்டடங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தும்.

இனி என் அக்காள் மகளின் கேள்விக்கு வருகிறேன். வாடகை வீட்டில் மின்பூட்டு வைக்கலாமா? வைக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் வாடகைக் காலம் முழுவதும் அதன் முதன்மைப் பொறுப்பு குடியிருப்பவரிடம் இருக்க வேண்டும். எண்ணை வைப்பதும் மாற்றுவதும் அவர் வேலை. வீட்டுக்காரர் உள்ளே வரவேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி, அவர் கொடுக்கும் எண்ணால் வரட்டும். இதற்கு ஒப்பாத வீட்டுக்காரர் பழைய பூட்டையே வைத்துக்கொள்வது நல்லது. பாக்கிக்கு நீதிமன்றம் இருக்கிறது. பூட்டை வசூல்காரனாக்க வேண்டாம்.

பூட்டோடு உலோகச் சாவியும் இருக்கும்படியான வகையைத்தான் வாங்க வேண்டும். கைப்பேசி இல்லாத மாமியாருக்கும் அது உதவும், மின்கலம் தீர்ந்த இரவிலும் உதவும். இன்னொன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். மின்சாரம் இல்லாவிட்டாலும், மின்கலம் செத்தாலும், உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருப்பினால் கதவு உடனே திறக்க வேண்டும். பலகை லயங்களில் தீப்பிடித்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பொருத்திய அன்றே வீட்டிலுள்ள பிள்ளையை விட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம் அவளிடம் சொன்னேன். "எழுதிக் கொடுங்க மாமா" என்றாள். எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் நல்ல மனிதராகவே இருந்தார். ஒப்பந்தத் தாளின் அடியில், எண்ணை நீக்கும் உரிமை தமக்கில்லை என்றும், வருகைக் குறிப்பைத் தாம் பார்ப்பதில்லை என்றும் இரண்டு வரி தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டார். இணையத்தோடு இணைக்காமல் எண்ணும் சாவியும் மட்டும் உள்ள பூட்டாகப் பார்த்து வாங்கினார், விலையும் குறைவாம். உலோகச் சாவி இரண்டு வந்தது. ஒன்றை மாமியார் முந்தானையில் முடிந்துகொண்டார். மற்றொன்று இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.